ஹேண்டிகேப்பும் பிச்சைத் தொப்பியும்

'ஹேண்டிகேப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் எளிய சொற்கள் இரண்டு இருக்கின்றன. 'ஹேண்ட்' என்றால் கை. 'கேப்' என்றால் தொப்பி. இந்த இரண்டையும் வைத்து ஒரு கதை பல நாடுகளில் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1504-இல் இங்கிலாந்தில் பெரும்போர் ஒன்று முடிந்ததாம். கைகால் இழந்து திரும்பிய வீரர்களுக்குப் பிழைக்க வழியில்லையாம். ஏழாம் ஹென்றி மன்னர் மனமிரங்கி, அவர்கள் மட்டும் கையில் தொப்பியேந்தித் தெருவில் பிச்சை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டாராம். கையில் தொப்பி ஏந்தியவருக்கு ஹேண்டிகேப் என்று பெயர் வந்ததாம். ஆகவே, அந்தச் சொல்லை உச்சரிப்பது உடற்குறை உள்ள ஒருவரைப் பிச்சைக்காரர் என்று அழைப்பதற்குச் சமம் என்று கதை முடியும்.

பயிற்சி வகுப்புகளிலும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் துண்டறிக்கைகளிலும் இது வரலாறாகவே சொல்லப்படுகிறது. சொல்பவர்களின் நோக்கம் நல்லது. அதனாலேயே யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ஆனால் கதையைத் தாங்கும் தூண்கள் மூன்று: ஒரு போர், ஒரு சட்டம், ஒரு சொல். மூன்றையும் தனித்தனியே தட்டிப் பார்த்தால் ஒன்றுகூட நிற்கவில்லை.

முதலில் போர். ஏழாம் ஹென்றி 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்தி முடிசூடியவர். 1487-இல் ஸ்டோக் என்ற இடத்தில் இன்னொரு சண்டை. 1492-இல் பிரான்சுடன் எட்டாப்ல் உடன்படிக்கை. 1497-இல் வரிச்சுமை தாங்காமல் கிளர்ந்தெழுந்த கார்ன்வால் மக்களை லண்டனுக்கு வெளியே பிளாக்ஹீத்தில் அவர் படை அடக்கியது. 1503-இல் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னருக்கு மணமுடித்து வடக்கு எல்லையையும் அமைதியாக்கினார். 1504-ஐ ஒட்டி இங்கிலாந்து நடத்திய பெரும்போர் என்று காட்ட ஒன்றும் இல்லை. போருக்குச் செலவிடத் தயங்கி, கஜானாவை நிரப்பிய அரசர் என்றே வரலாற்றில் அவருக்குப் பெயர்.

அடுத்தது சட்டம். பிச்சை பற்றிய சட்டங்கள் அவர் காலத்தில் உண்டு. ஆனால் அவற்றில் இருப்பது இரக்கம் இல்லை. 1495-இல் வந்த சட்டம், வேலையின்றித் திரிபவரைப் பிடித்து மூன்று பகல் மூன்று இரவு தொழுமரத்தில் கால்பூட்டி, ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, பிறகு ஊரைவிட்டு விரட்டச் சொன்னது. உடல் வலுவற்ற பிச்சைக்காரர் தன் சொந்த வட்டாரத்துக்குத் திரும்பி அங்கேயே கிடக்க வேண்டும். படைவீரன் என்று சொல்லிக்கொண்டு திரிபவனுக்கும் சலுகை கிடையாது. படைத்தலைவரிடமிருந்தோ கரையிறங்கிய ஊரிலிருந்தோ கடிதம் வைத்திருந்தால்தான் தப்பலாம். 1503-04 நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தொழுமரத் தண்டனை ஒரு பகல் ஓர் இரவாகக் குறைந்தது. கதையில் வரும் ஆண்டுக்கு அருகில் உண்மையாகவே நடந்தது இவ்வளவுதான். ஊனமுற்ற வீரருக்குத் தனிச்சலுகையும் அதில் இல்லை, தொப்பியும் இல்லை.

பிச்சை எடுக்க அனுமதிச் சீட்டு தரும் முறை அவர் மகன் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1531-இல் நாடு முழுமைக்கும் வந்தது. முதியவர்களும் உழைக்க இயலாதவர்களும் நீதிபதிகளிடம் முத்திரையிட்ட கடிதம் பெற்று, குறித்த எல்லைக்குள் மட்டும் பிச்சை எடுக்கலாம். எல்லை தாண்டினால் தொழுமரம். உடல் வலுவுள்ளவர் பிச்சை எடுத்தால் ஆடையை உரித்து வண்டியின் பின்னால் கட்டி, ரத்தம் வரும்வரை சாட்டையால் அடிப்பார்கள். போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கென்று இங்கிலாந்து முறையாகச் சட்டம் இயற்றியது அதற்கும் பிறகு, முதலாம் எலிசபெத் காலத்தில், 1593-இல். அதுவும் பிச்சைக்கான அனுமதி அன்று. ஊர்தோறும் வரி திரட்டி அவர்களுக்கு உதவித்தொகை தரும் ஏற்பாடு. நிஜமான கடிதங்கள், நிஜமான தொழுமரங்கள், நிஜமான உதவித்தொகை எல்லாம் ஏட்டில் இருக்கும்போது, கட்டுக்கதை ஒரு தொப்பியைக் கொண்டுவந்து அவற்றின் மேல் கவிழ்த்து மூடிவிட்டது. இந்தக் கதை செய்யும் முதல் தீங்கு இதுதான்.

மூன்றாவது சொல். ஆங்கில நூல்களில் ஹேண்டிகேப் முதன்முதலாகத் தென்படுவது 1653-இல். கதை சொல்லும் ஆண்டுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 150 ஆண்டுகள். பிச்சைக்காரர்களைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் எழுதவில்லை, அதனால்தான் சொல் ஏட்டில் ஏறவில்லை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அளவுக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். கென்ட் வட்டாரத்தைச் சேர்ந்த தாமஸ் ஹார்மன் என்பவர் 1560-களில் நாடோடிகளையும் பிச்சைக்காரர்களையும் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். தன் வீட்டு வாசலுக்கு வந்தவர்களை நிறுத்தி விசாரித்து, அவர்கள் தங்களுக்குள் வழங்கிய பெயர்களைத் தொகுத்தார். போரில் இருந்தவன் என்று சொல்லித் திரிபவனுக்கு 'ரஃப்ளர்'. வலிப்பு வந்ததாக நடிப்பவனுக்கு 'கிராங்க்'. ஊமையாக நடிப்பவனுக்கு 'டம்மரர்'. புத்தி பேதலித்தவனாக நடிப்பவனுக்கு 'ஏபிரகாம் மேன்'. இரண்டு டஜனுக்கு நெருக்கமான வகைகள். ஹேண்டிகேப் அதில் இல்லை. அரசர் வாயிலிருந்தே பிறந்த பெயர் என்றால், பிச்சைக்காரர்களின் குழூஉக்குறியைத் தேடித்தேடிச் சேர்த்த ஒருவர் காதில் அது விழாமல் போயிருக்குமா?

சொல்லின் அமைப்பும் கதைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. பெரியவர் முன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பணிந்து நிற்பதற்கு ஆங்கிலத்தில் தனித் தொடர் உண்டு: 'கேப் இன் ஹேண்ட்'. தொப்பி முன்னால், கை பின்னால். அது மாறாமல் இன்றும் அப்படியே வழங்குகிறது. ஹேண்டிகேப்பில் வரிசை தலைகீழ். கை முன்னால், தொப்பி பின்னால். 'ஹேண்ட் இன் கேப்', அதாவது தொப்பிக்குள் கை. அது பேச்சில் தேய்ந்து 'ஹேண்ட் ஐ கேப்' ஆகி, ஹேண்டிகேப் ஆனது. தேன்கூட்டையும் கூட்டுத்தேனையும் ஒன்றென்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். தொப்பியைக் கையில் வைத்திருப்பதும் கையைத் தொப்பிக்குள் விடுவதும் அப்படித்தான், வேறு வேறு செயல்கள். பிச்சைக்காரர் தன் தொப்பிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பதில்லை.

அப்படியானால் தொப்பிக்குள் கைவிட்டவர் யார்? மதுக்கடையில் பண்டமாற்று விளையாடியவர்.

விளையாட்டு இதுதான். ஒருவரிடம் ஒரு கத்தி இருக்கிறது, இன்னொருவரிடம் ஓர் இடுப்புவார். இருவருக்கும் மாற்றிக்கொள்ள ஆசை. ஆனால் இரண்டும் சமவிலை இல்லை. நடுவர் ஒருவரை வைக்கிறார்கள். மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் பந்தயக் காசைத் தொப்பிக்குள் போடுகிறார்கள். நடுவர் இரண்டு பொருளையும் புரட்டிப் பார்த்து, வார் வைத்திருப்பவர் மேற்கொண்டு இவ்வளவு காசு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார். பிறகு இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுக்கிறார்கள். காசோடு வரும் கை சம்மதம், வெறுங்கை மறுப்பு. இருவரும் சம்மதித்தாலும் இருவரும் மறுத்தாலும் தொப்பிக் காசு நடுவருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்தால் காசு அந்தச் சம்மதித்தவருக்கு.

எளிய விளையாட்டு போலத் தெரியும். உள்ளே நுட்பமான கணக்கு இருக்கிறது. நடுவர் ஒருபக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னால், லாபம் பெறுபவர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார், நட்டப்படுபவர் மறுப்பார். நடுவருக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டு தட்டும் சமமாக நிற்கும்படி சொன்னால்தான் இருவர் மனமும் ஒரே பக்கம் போக வாய்ப்பு. அப்போதுதான் காசு அவருக்கு. நேர்மையாக இருப்பதே நடுவருக்கு லாபம் என்று அமைத்திருக்கிறார்கள். ஏற்றத்தாழ்வை அளந்து ஈடுகட்டுவது என்ற பொருள் சொல்லோடு கூடவே பிறந்தது.

இந்த வழக்கம் சொல்லைவிடப் பழையது. 14-ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளவ்மேன்' என்ற நெடுங்கவிதையில் ஒரு மதுக்கடைக் காட்சி வருகிறது. செருப்புத் தைக்கும் கிளமென்ட் தன் மேலங்கியைக் கழற்றி எறிகிறான். குதிரைக்காரன் ஹிக் தன் தலைமுக்காட்டைக் கழற்றிப் போடுகிறான். விலைமதிக்க ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் ஒதுங்கிப்போய்க் குசுகுசுவென்று பேசியும் ஒத்துவரவில்லை. கடைசியில் கயிறு திரிக்கும் ராபினை எழுப்பி நடுவராக்குகிறார்கள். அங்கி ஹிக்குக்கு; முக்காடும் ஒரு கோப்பை நிறைய மதுவும் கிளமென்டுக்கு. யார் முதலில் மனம் மாறுகிறானோ அவன் ஒரு கேலன் மது வாங்கித் தர வேண்டும். லாங்லண்ட் இதற்குச் சொல்லும் பெயர் 'புதுச்சந்தை'. ஹேண்டிகேப் என்ற பெயர் அப்போது வரவில்லை. ஆனால் மாற்று, மதிப்பீடு, நடுவர், ஈடு என எல்லாம் அங்கே இருக்கின்றன.

பெயர் மக்களிடையே புழங்கியதற்குச் சான்று சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு. ஆங்கிலக் கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி வகித்த அவர், 1660 செப்டம்பரில் லண்டன் வுட் தெருவிலிருந்த மைட்டர் மதுக்கடையில் நண்பர்களோடு கூடியபோது சிலர் ஹேண்டிகேப் ஆடியதாகவும், அதுவரை தான் அறியாத அந்த விளையாட்டு நன்றாக இருந்ததாகவும் எழுதினார். சொல்லுக்குப் பிச்சையோடு தொடர்பு இருந்திருந்தால், அதை அறிந்திருக்க வாய்ப்புள்ள மனிதர் அவர். கடற்படை வீரர்களின் நிலையை அருகிலிருந்து பார்க்கும் பதவி அவருடையது. அவருக்கு அந்தச் சொல் ஒரு புதிய, இன்பமான விளையாட்டின் பெயராக மட்டுமே அறிமுகமானது.

மதுக்கடையிலிருந்து சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. 1754-இல் ஜான் பாண்டின் பந்தய நாள்காட்டியில் 'ஹேண்டிகேப் போட்டி'க்கான விதி அச்சாகியிருக்கிறது. மதுக்கடை விளையாட்டு அதில் அடையாளம் மாறாமல் தெரிகிறது: மூவர் ஒரு தொப்பிக்குள் சமமாகப் பணம் போடுவார்கள், மூன்றாமவர் இரண்டு குதிரைகளுக்கும் பந்தய நிபந்தனை வகுப்பார், உரிமையாளர்கள் மூடிய கையை ஒரே நேரத்தில் திறந்து சம்மதம் காட்டுவார்கள். இங்கே மேற்காசுக்குப் பதிலாக எடை வந்தது. வலுத்த குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். 1791-இல் ஆஸ்காட்டில் நடந்த ஓட்லண்ட்ஸ் பந்தயத்தில் பல குதிரைகளுக்கு இப்படி எடை வகுத்தார்கள். வேல்ஸ் இளவரசரின் 'பேரனெட்' வென்றது. போகப்போகத் தொப்பியும் கையும் மறைந்தன. சுமத்தப்படும் எடைக்கே ஹேண்டிகேப் என்று பெயர் நின்றது. 1855-இல் அட்மிரல் ஹென்றி ரூஸ் இங்கிலாந்தின் பொது எடைவகுப்பாளராக அமர்ந்து, அதை ஒரு முறையான தொழிலாகவே ஆக்கினார்.

எடை யார்மேல் ஏறியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பை 1861-இல் தொடங்கிய ஹேண்டிகேப் பந்தயம். 1890-இல் 'கார்பைன்' என்ற குதிரை ஏறத்தாழ 66 கிலோ சுமந்து வென்றது. 1930-இல் புகழ்பெற்ற 'ஃபார் லாப்' 62.5 கிலோவோடு வென்றது. மறுஆண்டு அதன்மேல் 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. அன்று வென்ற 'ஒயிட் நோஸ்' சுமந்தது வெறும் 43.5 கிலோ. ஹேண்டிகேப் பெற்றது நொண்டிக் குதிரை இல்லை. அந்தக் களத்திலேயே தலைசிறந்த குதிரை. சேணத்தின் கீழ்ப் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகி அதன் வேகத்தைக் குறைத்தார்கள். கிண்டியில் குதிரைகள் ஓடிய காலமெல்லாம் பந்தய அட்டைகளில் அச்சான ஹேண்டிகேப்பும் இதுவே.

மனிதரை நோக்கிச் சொல் திரும்பியது கடைசிக் கட்டத்தில். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், ஒருவரைப் பின்னுக்கு இழுக்கும் எந்தச் சுமைக்கும் ஹேண்டிகேப் என்று சொல்லும் பழக்கம் வந்தது. வறுமை ஒரு ஹேண்டிகேப், படிப்பின்மை ஒரு ஹேண்டிகேப் என்ற மாதிரி. உடற்குறையும் அந்த வரிசையில் சேர்ந்தது. 1915 வாக்கில் உடலாலோ மனத்தாலோ குறையுள்ள குழந்தைகளைக் குறிக்க 'ஹேண்டிகேப்டு' என்ற அடைமொழி அச்சில் வருகிறது. பிறகு பெரியவர்களுக்கும் பரவியது. விளையாட்டு, பந்தயம், எடை, சுமை, உடற்குறை என்று வந்த படிகளில் ஒவ்வொன்றுக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. பிச்சை எந்தப் படியிலும் இல்லை.

பிறகு ஏன் கட்டுக்கதை வென்றது? 1970-களிலிருந்து உடற்குறை உள்ளோரின் உரிமை இயக்கங்கள் வலுத்தபோது, அந்தச் சொல் தங்களைச் சிறுமைப்படுத்துகிறது என்று பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அது நேர்மையான எதிர்ப்பு. அதற்குக் காரணம் தேடியவர்களுக்குப் பிச்சைக் கதை கைக்கு வசதியாக அமைந்தது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், கேட்பவர் முகம் சுருங்கும், விவாதம் முடிந்துவிடும். அதில் அரசர் இருக்கிறார், ஆண்டு இருக்கிறது, உருக்கம் இருக்கிறது. உண்மை வரலாற்றை விளக்கப் பத்து நிமிடம் வேண்டும்.

வசதியான கதைக்கு விலையும் உண்டு. உடற்குறையோடு வாழ்பவரைப் பார்த்ததும் பிச்சைப் பாத்திரத்தை நினைப்பது சமூகத்தின் மிகப் பழைய கெட்ட பழக்கங்களில் ஒன்று. சக்கர நாற்காலியில் காத்திருப்பவர் மடியில் சில்லறை போட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிச்சையோடு சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லுக்குள் அந்தப் படத்தைப் புதிதாக வரைந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயிற்சி ஊழியர்களுக்கும் காட்டுவது அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு வேர் விடுகிறது. கதை கேட்டு வெளியே வருபவர் மனத்தில் தங்குவது சட்டமும் இல்லை, உரிமையும் இல்லை; தொப்பியோடு நிற்கும் ஒரு முடவர் மட்டுமே.

இந்த மறுப்பைக் கேட்டதும் மறுகோடிக்குப் போகிறவர்களும் உண்டு. பிச்சைக் கதை பொய் என்றால் சொல்லில் குற்றமில்லை, ஆகவே யாரையும் ஹேண்டிகேப்டு என்று அழைக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதுவும் தவறு. ஒரு சொல் இன்று என்ன செய்கிறது என்பதை அதன் பிறப்பு தீர்மானிப்பதில்லை. கோல்ஃப் ஆட்டக்காரரின் ஹேண்டிகேப்பைக் கேட்பதில் யாருக்கும் வருத்தமில்லை. அதே சொல்லை ஒரு மனிதரின் முழு அடையாளமாக ஒட்டினால் வருத்தம் உண்டு. பிரான்சில் நிலைமை வேறு. ஆங்கிலப் பந்தயக் களத்திலிருந்து இரவல் பெற்ற அதே சொல் அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. 2005 பிப்ரவரி 11 அன்று வந்த உரிமைச் சட்டம் அந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. ஒரே வேர், இரண்டு நாடுகளில் இரண்டு வேறு சுவை. யார்மீது சொல் விழுகிறதோ அவர்களுக்கு அது எப்படி இருக்கிறது என்பதே அளவுகோல்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்தப் பதில் தெளிவாகவே வந்தது. அமெரிக்காவில் ஊனமுற்ற குழந்தைகளின் கல்விக்காக 1975-இல் வந்த சட்டத்தின் பெயரில் 'ஹேண்டிகேப்டு' இருந்தது. 1990-இல் அதை எடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1980-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஹேண்டிகேப் ஒரு தனிப் பிரிவு. 2001-இல் வந்த புதிய வகைப்பாட்டில் அந்தச் சொல் கைவிடப்பட்டது. 2006 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் பெயரிலும் அது கிடையாது. இவற்றுக்கெல்லாம் ஏழாம் ஹென்றி தேவைப்படவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். அது போதுமான காரணமாக இருந்தது.

தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்பதை 2010-இல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, அரசு ஏற்றது. ஊனம் என்ற சொல்லின் மேல் எந்தக் கட்டுக்கதையையும் யாரும் ஏற்றவில்லை. அது மனிதரைக் குறையால் மட்டும் அடையாளப்படுத்துகிறது என்று நேரடியாகவே சொன்னார்கள், மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். பேச்சில் 'ஹேண்டிகேப்டு' இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது உண்மைதான். அதை விலக்கவும் அதே நேர்மையான வழி போதும்.

பயிற்சிக் கையேடு எழுதுவோரும் மேடையேறிப் பேசுவோரும் 1504 என்று தொடங்கும் அந்தப் பத்தியை அடித்துவிட வேண்டும். இங்கிலாந்தின் வரலாற்றைச் சொல்லியே தீர வேண்டுமென்றால், எல்லை தாண்டியதற்காகத் தொழுமரத்தில் பூட்டப்பட்ட உழைக்க இயலாதவர்களைப் பற்றியும், 1593-இல் ஊர்வரியிலிருந்து உதவித்தொகை பெற்ற வீரர்களைப் பற்றியும் சொல்லலாம். அவை நடந்தவை.